உழவாரமும் அணையா அடுப்பும்

துயரம் வந்த காலத்தில் நம்மவர்கள் ஒதுங்கும் இடங்கள் அடுப்படி, சன்னதி, தோட்டம் என்று மூன்று. இம்மூன்றையும் தம் வாழ்க்கைக்குள் கொண்டுவந்து சேர்த்த இருவர் கடலூர்ச் சீமையில் பிறந்திருக்கிறார்கள். பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்த அப்பர் ஒருவர். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்த வள்ளலார் இன்னொருவர். காலத்தால் இருவருக்கும் இடையே ஏறக்குறைய 1,200 ஆண்டுகள். ஊர்க்கணக்கில் பார்த்தால் இரண்டு நாள் நடை. அப்பர் என்றால் சிற்பி தவறாமல் சார்த்துவது உழவாரப்படையை. வள்ளலார் என்றால் நினைவுக்கு வருவது வடலூர்த் தருமச்சாலையின் அணையா அடுப்பு. களை செதுக்கும் இரும்பையும் சோறாக்கும் தீயையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எதிர்பாராத உறவுகள் சில தென்படுகின்றன.

இருவரையும் நிறுத்துப் பார்த்த வரலாறு ஏற்கெனவே உண்டு. 1867இல் வள்ளலாரின் திருவருட்பா அச்சேறியபோது, தேவார திருவாசகங்களுக்குரிய இடத்தைச் சமகாலத்தவர் ஒருவரின் பாடல்களுக்குத் தரலாமா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கேட்டார். 1864இல் சிதம்பரத்தில் சைவப் பள்ளிக்கூடம் நிறுவியவர் அவர். அந்தச் சச்சரவு வளர்ந்து 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. மரபைக் காக்க நினைத்த ஒருவரின் உண்மையான கவலை நாவலரின் கேள்வியில் இருந்தது. அதைப் பொறாமை என்று தள்ளிவிடுவது சரியாகாது. ஆனால் அன்று தராசில் ஏறியது பாட்டு மட்டும்தான். இருவரும் கையால் செய்ததை யாரும் எடுத்து வைக்கவில்லை. வள்ளலாரோ ‘ஆளுடைய அரசுகள் அருண்மாலை’ என்று அப்பருக்கென்றே ஒரு மாலை கட்டி வைத்திருந்தார்.

முதல் ஒற்றுமை இழப்பிலிருந்து தொடங்குகிறது. மருணீக்கியார் என்ற பெயரோடு அப்பர் இளையவராக இருக்கும்போதே தந்தை புகழனாரும் தாய் மாதினியாரும் அடுத்தடுத்து மறைந்தார்கள்; அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். இராமலிங்கம் என்ற வள்ளலாரோ கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இராமையா பிள்ளையை இழந்தார். குடும்பம் பொன்னேரிக்கும், பிறகு சென்னைக்கும் பெயர்ந்தது. அங்கே தம்பியை வளர்த்தவர் அக்கா. இங்கே தம்பியை வளர்த்தவர் அண்ணன் சபாபதி.

தம் துக்கத்தை மருணீக்கியார் எப்படிக் கடந்தார்? பெரியபுராணத்தில் சேக்கிழார் ஓரிரு பாடல்களில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். படிப்பவர்களும் சமணம், சூலை, நீற்றறை என்று கதையின் வேகத்தில் போய்விடுகிறோம். எனக்கு இந்த இடத்தில்தான் நிற்கத் தோன்றுகிறது. தமக்காக அக்கா உயிர் தாங்கியிருக்க இசைந்ததும் மனம் சற்றே தேறிய மருணீக்கியார், நிலையாமையை நினைத்து அறச்சாலைகள் அமைக்கிறார், தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார், சோலைகள் வளர்க்கிறார், குளம் வெட்டுகிறார், வந்தவருக்கு விருந்து படைக்கிறார். சைவமும் சமணமும் அவரைத் தத்தம் பக்கம் இழுப்பதற்கு முன்பே நடந்தவை இவை. வடலூரில் தருமச்சாலை எழுவதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னால், இதே கெடிலக்கரைச் சீமையில், தாய் தந்தையை இழந்த பிள்ளை ஒருவர் முதலில் செய்தது ஊருக்குச் சோறும் தண்ணீரும் நிழலும் கொடுத்தது. பின்னாளில் திங்களூரில் அப்பூதியடிகள் அவர் பெயரிலேயே தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் படிக்கும்போது, அந்தப் பழைய பந்தலுக்கு எதிர்மொய் வந்ததுபோல எனக்குப் படும்.

இரண்டாவது ஒற்றுமையை நான் எதிர்பார்க்கவில்லை. இருவரையும் வீட்டுக்குத் திருப்பியவர்கள் மூத்த பெண்கள். பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனராக உயர்ந்திருந்த தம்பி சூலை தாங்காமல் இரவோடு இரவாக வந்து சேர்ந்தது திருவதிகையில், அக்காவின் மடத்துக்கு. படிக்கப் போகாமல் சென்னைக் கந்தகோட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்த தம்பிக்குச் சோறு போடக் கூடாது என்று சபாபதி கண்டித்தபோது, கணவருக்குத் தெரியாமல் பின்பக்கமாக அழைத்துச் சோறு போட்டவர் அண்ணி பாப்பாத்தியம்மாள். வீட்டில் திதி நடந்த நாளில், எல்லோரும் விருந்துண்ட பின் கொழுந்தன் மட்டும் ஒளிந்து உண்பதைப் பார்த்து அவர் கண் கலங்கினார். அந்தக் கண்ணீருக்குத்தான் இராமலிங்கம் வீட்டுக்குத் திரும்பினார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அங்கே அக்கா தந்த திருநீறு, இங்கே அண்ணி தந்த ஒரு வாய்ச் சோறு. கொடுத்த கை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய தாயின் கைதான்.

திலகவதியாரைப் பற்றி இன்னும் ஒரு சொல் சொல்ல வேண்டும். உழவாரத்தை நாம் அப்பரின் அடையாளமாக்கிவிட்டோம். ஆனால் தம்பி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, விடியுமுன் எழுந்து திருவதிகை வீரட்டானத்துத் திருமுற்றத்தை அலகிட்டு, சாணமிட்டு மெழுகி, பூப்பறித்து மாலை கட்டியவர் அவர். மணக்கவிருந்தவரையும் பெற்றோரையும் இழந்த பெண், துக்கத்தோடு எப்படி நாளைக் கழிப்பது என்பதற்குத் தாமே கண்டுபிடித்த வழி அது. அப்பருடைய கைத்தொண்டின் முதல் பாடம் அக்காவிடம் கற்றது என்றே நான் எண்ணுகிறேன். வடலூர் அடுப்பிலும், எங்கோ அடியில், சென்னை ஏழுகிணற்று வீட்டின் பின்கட்டுச் சோறு இருக்கிறது.

இருவருடைய நெறியும் வயிற்றிலிருந்து கிளம்பியது என்பது மூன்றாவது. திருவதிகையில் அப்பர் பாடிய முதல் பதிகம் குடலைப் பிடித்து முறுக்கும் வலியைப் பேசுகிறது. அவ்வளவு வெளிப்படையாகத் தம் உடம்பு நோயோடு அவர் இறைவன் முன் வந்து நிற்கிறார். தருமச்சாலை தொடங்கிய நாளில் வள்ளலார் வாசிக்கச் செய்த ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ பசியைப் பேசுகிறது. பசி ஏறும்போது கண் என்னவாகிறது, காது என்னவாகிறது, நாக்கும் தோலும் நரம்பும் என்னவாகின்றன என்று வைத்தியரைப் போல உறுப்பு உறுப்பாகச் சொல்லி, உண்டபின் அவை ஒவ்வொன்றும் எப்படித் தெளிகின்றன என்றும் சொல்கிறது. அப்பர் பாடியது தம் வயிற்றை. வள்ளலார் எழுதியது பிறர் வயிற்றை. வேறுபாடு அங்கே இருக்கிறது. ஆனால் மனத்துயரைப் பேச உடம்பை விட்டு விலக வேண்டும் என்று இருவருமே கருதவில்லை.

இனி கருவிகளுக்கு வருவோம். உழவாரம் என்பது ஒரு கைப்பிடியும் நுனியில் தட்டையான இரும்பும், அவ்வளவுதான். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில்களுக்கு வரும் உழவாரக் குழுவினரைப் பார்த்தால் வேலையின் நுட்பம் புரியும். குந்தி உட்கார்ந்து, தகட்டைத் தரையோடு சாய்த்துத் தள்ள வேண்டும். கல்லிடுக்கில் இறங்கிய அறுகை மேலாகச் செதுக்கினால் அடுத்த மழையில் மறுபடியும் தலைகாட்டும். முனையைக் குத்தி நெம்பினால்தான் வேர் வரும். நெருஞ்சி உள்ளங்கையைப் பதம் பார்க்கும். மழை விட்ட மறுநாள் மண் இளகியிருக்கும்போது வேலை சுளுவாக நடக்கும். கண்ணுக்கு முன்னால் ஒரு முழம் தரை சுத்தமாகிறது, பிறகு இன்னொரு முழம். மனம் ஓரிடத்தில் நில்லாமல் அலைகிறவர்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது என்று நினைக்கிறேன். கைக்கும் கண்ணுக்கும் நடுவே வேறு நினைப்பு நுழைய இடமில்லை.

வடலூர் அடுப்பு 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். 1867 மே 23இல் மூட்டியது. பார்த்தவுடன் அடுப்பு என்றே தோன்றாது. தரையில் நீளவாட்டில் ஓடும் நெருப்பு வாய்க்கால் அது. மேலே பெரிய அண்டாக்கள். சமையல் முடிந்த வேளையிலும் விறகை உள்ளே தள்ளிக் கனலைக் காக்க ஆள் வேண்டும். உழவாரத்தைத் திண்ணையில் சார்த்திவிட்டு உறங்கலாம், விடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம், களை காத்திருக்கும். தீ காத்திருக்காது, பசியும் காத்திருக்காது.

உழவாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பர் தலம் தலமாக நடந்தார், இமயத்தின் பக்கம் வரைக்கும். அடுப்பை யாராலும் தூக்கிப் போக முடியாது. உலகம் அதை நோக்கி நடந்து வர வேண்டும். உழவாரத்துக்கு ஒரு மனிதர் போதும். அடுப்புக்கு ஊர் வேண்டும்: வடலூரில் பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் எழுதிக் கொடுத்தார்கள், நெல்லும் காய்கறியும் விறகும் இன்றளவும் வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். உழவாரம் இருப்பதை அகற்றுகிறது, அடுப்பு இல்லாததைத் தருகிறது. அப்பரின் வேலை இறைவனின் முற்றத்தில் நடந்தது. வள்ளலார் வேலைக்கும் மனிதனின் வயிற்றுக்கும் நடுவே எந்த முற்றத்தையும் வைக்கவில்லை.

இவ்வளவு வேறுபட்ட இரண்டும் ஓரிடத்தில் வந்து முட்டுகின்றன. அது திருவீழிமிழலை. நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, அப்பரும் ஞானசம்பந்தரும் அங்கே தத்தம் மடங்களில் அடியார்களுக்கு அமுதளித்தார்கள். அதற்காக இறைவன் நாள்தோறும் பீடத்தில் படிக்காசு வைத்தான் என்பது பெரியபுராணம். அப்பர் மடத்தில் உச்சிவேளைக்கு இலை விழுந்துவிடும். சம்பந்தர் மடத்தில் நேரமாகும். காரணம் கேட்டபோது சமையலாட்கள் உண்மையைச் சொன்னார்கள்: சம்பந்தருக்குக் கிடைக்கும் காசுக்குக் கடைவீதியில் வாசி, அதாவது மதிப்பில் கழிவு, கேட்கிறார்கள், அப்பர் காசுக்கு வாசி இல்லை, உடனே பண்டம் தருகிறார்கள். ஏன் இந்த வேறுபாடு என்பதற்கு விடை, அப்பர் கைத்தொண்டு செய்கிறவர் என்பது. சம்பந்தர் பிறகு வாசி தீரப் பாடி முழுக் காசு பெற்றார்.

இந்தக் கதையை நான் ஒரு பொருளாதாரப் பாடம்போலப் படிக்கிறேன். பஞ்சத்தில் பசியாற்றும் காசுக்கு முழு மதிப்பைத் தந்தது, புல் செதுக்கிய கை. புகலூரில் முற்றம் செதுக்கும்போது கல்லோடு கல்லாகப் பொன்னும் மணியும் கிடக்க, அவற்றையும் உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தவர்தான் இந்தக் காசை வாங்கிச் சோறாக்கினார். பொன் வேண்டாம் என்றவர் அரிசிக்கான காசை வேண்டாம் என்று சொல்லவில்லை. வடலூரில் இருந்திருந்தால் அவருக்கு அங்கே இடம் இருந்திருக்கும்.

வள்ளலார் காலத்துப் பஞ்சங்களுக்குத் தேதி உண்டு. 1866இல் சென்னை மாகாணத்தின் பல பகுதிகள் பஞ்சத்தில் வாடின. மறு ஆண்டு அடுப்பு மூட்டப்பட்டது. 1874 ஜனவரி 30இல் மேட்டுக்குப்பத்தில் அவர் அறைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். இரண்டே ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. தென்னாட்டை வாட்டிய அந்தப் பெரும் பஞ்சத்தை அவர் மூட்டிய தீதான் எதிர்கொண்டது, அவர் இல்லை. வீழிமிழலையில் மழை பெய்து நாடு செழித்ததும் இரு அடிகளும் அடுத்த தலத்துக்குப் புறப்பட்டார்கள். வடலூரில் மழை பெய்த ஆண்டிலும் அடுப்பு எரிந்தது. பஞ்சம் தீர்ந்தாலும் பசி தீர்வதில்லை என்று வள்ளலார் கண்டிருந்தார். என் பார்வையில் அவர் அப்பரைக் கடந்து ஓர் அடி எடுத்து வைத்த இடம் இது.

நம்பிக்கையின் பக்கம் திரும்பினால் இன்னொரு வியப்பு. இருவருமே ஒரு சமய வீட்டிலிருந்து வெளியேறியவர்கள். அப்பர் சமணப் பள்ளியை விட்டுச் சைவத்துக்கு வந்தார். வள்ளலார் சைவத்தில் தோய்ந்து பாடியவர், கடைசியில் சாதி சமய ஆசாரங்கள் எல்லாவற்றையும் விடச் சொன்னார். தாமும் முன்பு சைவத்தில் பற்று வைத்திருந்ததை மறைக்கவும் இல்லை. இப்போது அப்பர் விட்டுவந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். கொல்லாமை சமணரின் முதல் அறம். உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி ஆகிய நான்கும் அவர்கள் போற்றிய தானங்கள். வடலூரில் கொல்லாமையும் அன்னமும் மூலிகையும் பாடசாலை முயற்சியும் ஒன்றுகூடி நிற்கின்றன. வள்ளலார் அங்கிருந்துதான் எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை; தமிழ் மண்ணில் அந்த அறங்கள் எல்லாப் பக்கமும் ஊறியிருந்தன. ஆனாலும் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் இருந்து பின்னர் இடிக்கப்பட்ட பாடலிபுரப் பள்ளியின் நல்ல பகுதி, அதே சீமையில் வேறு பெயரோடு உயிர்த்திருப்பதைக் காண மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. அப்பரையும் சமணரையும் பற்றிய கதைகளின் கசப்புக்கு அது ஒரு மருந்து.

தோட்டம் என்றால் இருவருக்கும் வேறு வேறு. அப்பரின் தோட்டம் பூந்தோட்டம்: நந்தவனம், கொன்றை, மாலை. பூ வாடும், மறுநாள் மறுபடி பறிக்க வேண்டும். அந்த அன்றாடம்தான் அதன் பயன். வள்ளலாரின் தோட்டம் கீரைப் பாத்தி. கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை என்று அவர் சொன்ன பச்சிலைகள் வேலியோரத்திலும் வரப்பிலும் தானாக முளைப்பவை, காசு கொடுத்து வாங்க வேண்டாதவை. மூலிகைகளின் குணங்களுக்குத் தனியாக ஓர் அட்டவணையே எழுதினார். அப்பர் முற்றத்தில் களை என்று செதுக்கி எறிந்த பச்சையில் கரிசாலையும் இருந்திருக்கக் கூடும். ஒருவருக்குக் களையானது மற்றவருக்கு மருந்து. பயிர் வாடுவதைக் கண்டு தாமும் வாடியதாகப் பாடிய வள்ளலார், செடியை வளர்ப்பவர் என்பதைவிடச் செடியோடு சேர்ந்து துன்பப்படுபவர்.

இருவரும் வந்து வணங்கிய சிதம்பரம் இந்தத் தராசின் நடுமுள். அப்பர் தில்லையைச் சோறளிக்கும் ஊராகப் பாடினார். ஊரும் அந்தப் பெயரை இழக்கவில்லை: படிகலிங்கத்துக்கு நாள்தோறும் அன்னாபிஷேகம், சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் நைவேத்தியம், மார்கழித் திருவாதிரைக்குக் களி. அடைமழையில் விறகு நனைந்து விற்காமல் போக, அரிசி வாங்க வழியில்லாத சேந்தனார் இருந்த மாவைக் களியாகக் கிளறிப் படைத்தார் என்ற கதையை ஒவ்வொரு வீட்டுப் பாட்டியும் களி கிண்டும்போது சொல்வாள். வறுமையின் பண்டம் பண்டிகையின் பண்டமான கதை அது. வள்ளலார் கைக்குழந்தையாக அந்தச் சன்னதியில் திரை விலகியபோது சிரித்தார் என்பார்கள். பெரியவரானபின் சிதம்பரத்தையே வடலூரில் வேறு விதமாகக் கட்டினார்: 1872 ஜனவரியில் தொடங்கிய சத்திய ஞான சபையில் திரை ஒன்றல்ல, ஏழு. அந்த வரிசையைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். அடுப்பு முதலில் எரிந்தது, அருட்ஜோதியைக் காட்டும் சபை ஐந்து ஆண்டு கழித்து வந்தது.

கடலூருக்குப் பழைய பஞ்சங்களோடு கணக்கு முடியவில்லை. 2004 டிசம்பர் 26இல் தேவனாம்பட்டினத்தில் கடல் ஏறியது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. திருவாமூரும் திருவதிகையும் உள்ள வட்டாரம் அது. 2015இல் வெள்ளம். கல்லைக் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் ஏறிய இடமென்று கரையேறவிட்டகுப்பத்தில் ஆண்டுதோறும் விழா எடுக்கும் ஊருக்கு, கரையேறுவது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட நாட்களில் உழவாரம் முந்துமா அடுப்பு முந்துமா என்று கேட்டால், எனக்கு ஐயம் இல்லை. மின்சாரம் போய், கூரை போய் நிற்கிறவர்களுக்குக் களை எடுப்பதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. அண்டாவில் கொதிக்கும் சோறுதான் பேச வேண்டும். ஆனால் தோப்பை இழந்தவரின் துக்கம் சாப்பாட்டால் ஆறுவதில்லை. சாய்ந்த மரத்தை அறுத்து, தூரைத் தோண்டி, குழி வெட்டி, கன்று வைத்து, ஆடு மேயாமல் வேலி கட்டும் வேலையில் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. சேக்கிழார் மருணீக்கியாரின் அறங்களை அடுக்கும்போதும் சாலையும் தண்ணீர்ப் பந்தலும் முன்னே வருகின்றன, சோலையும் குளமும் பின்னே. முந்திரி ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கிவிடும். பலாவுக்கு அதைவிட நீண்ட பொறுமை வேண்டும். பழைய தோப்புகளின் பருமனுக்கு மரம் வர ஒரு தலைமுறை ஆகும். அதுவரைக்கும் அந்த வீட்டு அடுப்புக்கு விறகும் அரிசியும் எங்கிருந்து வரும் என்ற கேள்வி, நட்டவரோடுதான் இருக்கும்.